ஏட்டில் ஏறிய குரலும் ஏறாத குரலும்

தோற்றுவாய்

இலக்கிய வரலாறு என நாம் கற்பதும் கற்பிப்பதும் பெரும்பாலும் எழுதப்பட்டவற்றின் வரலாறே ஆகும். பாடப்பட்டவை பலகோடி, அவற்றுள் ஏட்டில் ஏறியவை மிகச் சில. எழுத்தாணி யார் கையில் இருந்ததோ அவர் பெயர் நின்றது. குரல் மட்டுமே உடையவர் பெயர் காற்றோடு கலந்தது. அவ்வாறு கலந்து மறைந்த குரல்களுள் பெரும்பகுதி பெண்களின் குரலாக இருந்தது என்பது எண்ணுந்தோறும் நெஞ்சை வருத்தும் செய்தியாகும்.

ஆயினும், எழுதவும் பேசவும் தடையுற்றிருந்த காலங்களிலேயே பெண்கள் சிலர் துணிந்து பாடியுள்ளனர், எழுதியுள்ளனர். அவர்க்கு அத்துணிவைத் தந்தது எது? ‘சமயம் பெண்ணை அடக்கியது’ என்பதே இக்காலத்தார் பலரும் எளிதாகக் கூறும் கூற்று. அது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. அடக்கிய அதே சமயமே ஒரு சிறு வாயிலையும் திறந்து வைத்தது. கணவனிடமும் தந்தையிடமும் ஊராரிடமும் பேச இயலாதவற்றை இறைவனிடம் பேசலாம். அப்பேச்சைத் தடுக்க எவர்க்கும் எளிதில் துணிவு வராது. அவ்வாயில் வழியே வெளிவந்த பெண்பாற் புலமையை நம் நாட்டிலும் ஆங்கில நாட்டிலும் ஒருங்கு வைத்து நோக்குதலும், அந்நோக்கினால் நாம் கற்கவேண்டிய கடமை ஒன்றை எடுத்துரைத்தலுமே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஆங்கில நாட்டு நிலை

ஆங்கில இலக்கியம் என்றவுடன் நம் மாணவர்க்கு ஷேக்ஸ்பியரும் மில்டனும் நினைவுக்கு வருவர். அவர்கள் வாழ்ந்த 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அந்நாட்டுப் பெண்கள் என்ன எழுதினர் என்னும் வினா நம் வகுப்பறைகளில் எழுவதே இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்கூட அங்குப் பத்துப் பெண்களில் ஒன்பதின்மர் தம் பெயரைக் கையொப்பமிடவும் அறியாதவர் என வரலாற்றாசிரியர் கணித்துள்ளனர். அத்தகைய நாட்டில் பெண்ணின் கைக்கு எழுதுகோலைக் கொண்டுவந்து சேர்த்தது சமயப் பூசல் என்றால் வியப்பாகத் தோன்றும். ஆயினும் அதுவே உண்மை.

1526-இல் வில்லியம் திண்டேல் என்பார் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்டு வெளிப்படுத்தினார். அதுவரை இலத்தீன் மொழிக்குள் அடைபட்டிருந்த மறைநூல் தாய்மொழிக்கு வந்தது. தாய்மொழிக்கு வந்த நூல் அடுக்களைக்கும் வரும் அன்றோ? அதனை உணர்ந்து அஞ்சிய அரசு 1543-இல் ஒரு சட்டம் இயற்றியது. உயர்குடிப் பெண்கள் தனித்திருந்து மறைநூலை வாசிக்கலாம். ஏனைய பெண்கள் வாசித்தல் ஆகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. பெண் வாசித்தால் என்ன நிகழும் என்பதை அவ்வரசு நன்கு அறிந்திருந்தது போலும்!

மூன்றே ஆண்டுகளில் அந்த அச்சம் ஓர் உருவம் கொண்டு வந்து நின்றது. லிங்கன்சயரைச் சேர்ந்த ஆன் அஸ்கியூ என்னும் இளம்பெண் மறைநூலைத் தானே கற்றுத் தானே பொருள் கண்டார். அதன் பயனாகக் கணவனின் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். இலண்டனில் சிறைப்பட்டார், கோட்டைச் சிறையில் உடலை இழுத்து மூட்டுகளைப் பிரிக்கும் பொறியில் கிடத்தி, உடன் கருத்துடைய பெண்களின் பெயர்களைக் கூறுமாறு வருத்தப்பட்டார். ஒரு பெயரும் அவர் வாயிலிருந்து வரவில்லை. 1546 ஜூலையில், நடக்கவியலாத நிலையில், நாற்காலியில் தூக்கிச் செல்லப்பட்டு எரியூட்டப்பட்டார். தம்மிடம் கேட்கப்பட்ட வினாக்களையும் தாம் அளித்த விடைகளையும் அவரே எழுதி வைத்திருந்தார். கற்றறிந்த ஆயர்களுக்கு அவ்விளம்பெண் இறுத்த மறுமொழிகள் இன்று படிப்பாரையும் திகைக்கச் செய்வன.

ஈண்டு ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். அவர் எழுத்தை அச்சேற்றியவர் ஜான் பேல் என்னும் அறிஞர். அவர் அஸ்கியூவின் சொற்களை மட்டும் அச்சிட்டு அமையவில்லை; பத்திக்குப் பத்தி தம் விளக்கவுரையையும் இடையிட்டார். சுருங்கச் சொல்லும் அப்பெண்ணின் குரலும், விரித்துரைக்கும் அவ்வாணின் குரலும் ஒரே நூலில் கலந்து ஒலிக்கின்றன. பெண்ணின் எழுத்தைக் காத்த கையே அதன்மேல் தன் நிழலையும் வீழ்த்தியது.

எட்டாம் ஹென்றியின் ஆறாம் மனைவியாகிய கேத்தரின் பார் 1545-இல் தம் பெயரிலேயே மன்றாட்டு நூல் ஒன்றை வெளியிட்டார். ஆங்கில நாட்டு அரசி ஒருவர் தம் பெயரோடு ஆங்கிலத்தில் வெளியிட்ட முதல் நூல் அது. அரசியே ஆயினும் அவர் எழுத எடுத்துக்கொண்ட பொருள் வேண்டுதலே என்பது கருதத்தக்கது. பின்னர் 1560-இல் சங்கீதம் 51-ஐப் பொருளாகக் கொண்டு பதினான்கு அடிப் பாக்களின் தொடர் ஒன்று வெளிவந்தது. ஆன் லாக் என்னும் பெண்மணி பாடியது என ஆய்வாளர் பலரும் கொள்ளும் அத்தொடரே ஆங்கிலத்தில் அவ்வகையில் தோன்றிய முதல் தொடராகும். காதற்பாட்டுக்கு உரியதாகக் கருதப்பட்ட யாப்பு, முதன்முதல் ஒரு பெண்ணின் மனவருத்தத்தைச் சுமந்தே தொடராக நின்றது.

பெம்புரோக்குச் சீமாட்டி மேரி சிட்னியின் வரலாறு மற்றொரு பாடம் தருவது. அவர் உடன்பிறந்தார் பிலிப் சிட்னி 43 சங்கீதங்களைப் பாவாக்கிய நிலையில் 1586-இல் போரில் பட்ட புண்ணால் இறந்தார். எஞ்சிய 107-ஐயும் தங்கையாகிய மேரியே பாடி நிறைவு செய்தார். ஆயினும் அப்பெருந்தொகுப்பு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கைப்படியாகவே கிடந்து 1823-இல்தான் அச்சேறியது.

எமிலியா லேனியர் என்பார் 1611-இல் இயேசுபிரானின் பாடுகளை நெடும்பாட்டாகப் பாடி வெளியிட்டார். ஏவாளால் உலகு கெட்டது என்னும் பழியை அவர் அப்பாட்டில் எதிர்க்கிறார். ஏவாள் அறியாமையால் தவறினாள். வலிமையும் அறிவும் மிக்கவனாகிய ஆதாமே கூடுதல் பழிக்குரியவன். மேலும் இயேசுவைக் கொலைக்குத் தந்தவர் ஆடவரே, அதனைத் தடுக்க வேண்டியவள் பிலாத்துவின் மனைவி என்னும் பெண்ணே என்று அவர் வழக்குரைக்கிறார். மறைநூலைக் கொண்டே மறைநூலின் பெயரால் வந்த பழியைத் துடைத்த முறை இது. 1666-இல் லங்காஸ்டர் சிறையிலிருந்த மார்கரெட் ஃபெல் என்னும் குவேக்கர் சபைப் பெண்மணி, சபையில் பெண்கள் பேசுதல் முறையே என நிறுவி ஒரு நூல் வெளியிட்டார். இயேசு உயிர்த்தெழுந்த செய்தியை முதலில் உலகுக்கு அறிவித்தவர் பெண்கள்; அவர்கள் வாய்திறவாது இருந்திருப்பின் ஆடவர் எதனை அறிந்திருப்பர் என்பதே அவர் வாதத்தின் உயிர்நிலை.

இவர் யாவரும் ‘நான் எழுதுகிறேன்’ என்று வரவில்லை. ‘இறைவன் கேட்கிறான்’ என்று வந்தனர். அவ்வொரு சொல்லே அவர்க்குக் கேடயமாயிற்று.

தமிழகத்துப் பழைய நெறி

நம் நிலத்துக்கு வருவோம். சங்கப் பாக்களைப் பாடியவருள் முப்பதுக்கு மேற்பட்டோர் பெண்பாலர் என்பதை நாம் பெருமையோடு கூறுகிறோம். ஔவையாரும் வெள்ளிவீதியாரும் ஒக்கூர் மாசாத்தியாரும் காதலையும் வீரத்தையும் பாடச் சமயத்தின் துணையை நாடவில்லை. பின்வந்த நூற்றாண்டுகளில் அந்நிலை மாறிற்று. காரைக்காலம்மையாரும் ஆண்டாளும் பக்தி என்னும் வாயில் வழியாகவே நம்மிடம் வந்து சேர்ந்தனர்.

காரைக்காலிற் புனிதவதியாராய்ப் பிறந்து, இல்லறத்தினின்றும் நீங்கி, உடலழகை உதறிப் பேயுருக் கொண்டு பாடியவர் அம்மையார். அற்புதத் திருவந்தாதியும் திருவிரட்டை மணிமாலையும் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களும் அவர் அருளியவை. ‘மூத்த’ என்னும் அடைமொழியே தேவார முதலிகட்கும் அவர் முற்பட்டவர் என்பதைக் காட்டும். பதிகம் என்னும் அமைப்பைப் பக்தி உலகுக்குத் தந்த முன்னோடி ஒரு பெண் என்பதை மாணவர்க்கு நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். திருவில்லிபுத்தூர் ஆண்டாளோ மானிடர்க்கு வாழ்க்கைப்படேன் எனத் துணிந்து, திருப்பாவை 30 பாட்டும் நாச்சியார் திருமொழி 143 பாட்டும் பாடினார். மார்கழித் திங்களில் ஐயாயிரம் அடி உயரத்துக் கேமரன் மலைக் குளிரிலும் திருப்பாவை ஒலிக்கக் கேட்கிறோம்.

ஆனால் ஆண்டாளுக்குப் பின்? பிற்கால ஔவையார் ஒருவரை நீக்கினால், பல நூற்றாண்டுகள் பெண்பாற் பெயர்கள் அருகியே காணப்படுகின்றன. பெண்கள் பாடவில்லை என்பது இதற்குப் பொருளா? அன்று. எழுதுவார் இல்லை என்பதே பொருள். இதற்குச் சான்றாக நிற்பவர் செங்கோட்டை ஆவுடையக்காள்.

செங்கோட்டை ஆவுடையக்காள்

ஆவுடையக்காளின் வாழ்வைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் செவிவழிச் செய்திகளே. இளம் பருவத்திலேயே மணமாகி, மணவாழ்வு இன்னதென அறியுமுன்னரே கணவனை இழந்தவர் அவர். அக்காலத்து அந்தணர் குலத்தில் கைம்பெண்ணுக்கு விதித்த வாழ்வு எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தலை மழித்து, வண்ண ஆடை நீக்கி, மங்கல நிகழ்ச்சிகளில் முன்னிற்றலும் ஆகாது என ஒதுக்கிய வாழ்வு அது. அந்நிலையில் திருவிசநல்லூர் ஸ்ரீதர அய்யாவாள் அவருக்கு ஞானோபதேசம் செய்தார் என்பது மரபு. அய்யாவாள் தஞ்சை மராட்டிய மன்னர் சகசியின் (1684–1712) காலத்தவர். ஆகவே ஆவுடையக்காளையும் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியையும் அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியையும் சார்ந்தவராகக் கொள்ளலாம். அவ்வாறாயின் மேலே கூறிய மார்கரெட் ஃபெல்லுக்கு அவர் சற்றே இளையவர் ஆவார். ஒருவர் பெயரை ஒருவர் அறியாமல், கடல்கள் பல இடையிட, ஒரே வினாவை எழுப்பிய இருவர் இவர்.

அய்யாவாளைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. தம் இல்லத்துச் சிரார்த்த நாளில், பசியால் வாடிவந்த தாழ்த்தப்பட்ட ஒருவருக்கு, அந்தணர்க்கென வைத்த உணவை அவர் எடுத்தளித்தார். அதற்காக ஊரார் அவரை ஒதுக்கினர் என்பது அது. தூய்மை, தீட்டு என்னும் வேலியை ஆசிரியர் தம் செயலால் தாண்டினார். மாணவி தம் பாட்டால் தாண்டினார்.

ஆவுடையக்காள் எடுத்துக்கொண்டது அத்துவித வேதாந்தம். வடமொழி கற்ற ஆடவரின் சொத்தாக இருந்த அப்பொருளை அவர் எந்த வடிவங்களிற் பாடினார் என்பதே நாம் வியக்க வேண்டியது. கும்மி, கண்ணி, அம்மானை, குறவஞ்சி, பள்ளு முதலாகப் பெண்களும் எளியோரும் ஆடியும் பாடியும் வந்த நாட்டார் வடிவங்களையே அவர் கையாண்டார். வேதாந்தக் குறவஞ்சியில் குறி சொல்லும் குறத்தி ஞானம் உரைக்கிறாள். பல்லியின் ஒலிக்குப் பயன் பார்க்கும் பெண்களின் வழக்கமும் வேதாந்தப் பல்லி என்னும் பாட்டில் மெய்ப்பொருள் சுட்டும் குறியாகிவிடுகிறது. அடுக்களையிலும் திண்ணையிலும் கிணற்றடியிலும் உள்ள பொருள்கள் யாவும் அவர் கையில் தத்துவத்துக்கு உவமையாகின்றன. வீட்டைவிட்டு வெளியே செல்லக் கூடாதவர் வீட்டுக்குள்ளேயே பிரம்மத்தைக் கண்டார் எனலாம்.

அவர் பாடிய சூடாலைக் கும்மியை ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று. ஞானவாசிட்டத்துள் வரும் கதை அது. சிகித்துவசன் என்னும் அரசனின் தேவி சூடாலை அரண்மனையில் இருந்தவாறே மெய்ஞ்ஞானம் எய்துகிறாள். கணவனிடம் அதனைக் கூறும்போது, பெண்பேச்சு என அவன் நகைத்து ஒதுக்குகிறான். பின்னர் ஞானம் தேடி நாட்டைத் துறந்து காடேகுகிறான். சூடாலை ஓர் இளந்தவசியின் உருக்கொண்டு அவனிடம் சென்று, குருவாக அமர்ந்து கற்பிக்கிறாள். மனைவி கூறியபோது கேளாத உண்மையை ஆணுருவம் கூறியபோது அவன் கேட்டுத் தெளிகிறான். கைம்பெண்கள் கூடிக் கும்மியடித்துப் பாடுவதற்கு ஆவுடையக்காள் தேர்ந்தெடுத்த கதை இது! இதில் உள்ள நகையும் நோவும் பாடியவர்க்கும் கேட்டவர்க்கும் புரிந்தே இருக்கும்.

தீட்டைப் பற்றிய அவர் பாக்கள் இன்னும் கூரியவை. பெண்ணுடலின் மாதாந்தர இயல்பைத் தீட்டு என ஒதுக்குவோரை நோக்கி, அத்தீட்டே திரண்டு உடலாகிறது. அவ்வாறாயின் தீட்டில்லாத உடல் எது, தீட்டின்றிப் பிறந்த வேதியர் யார் என்னும் பொருள்பட அவர் வினவுகிறார். எச்சில் என்னும் விலக்கையும் அவ்வாறே ஆராய்ந்து, எச்சிலாகாதது உலகில் யாதுமில்லை என நகையாடுகிறார். எல்லாம் ஒரே பிரம்மம் எனக் கூறும் நூலைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டின் ஒரு மூலையில் ஒரு பெண்ணை ஒதுக்கிவைப்பது எங்ஙனம் என்பதே அவ்வினாவின் ஆழம். எமிலியா லேனியர் மறைநூலைக் கொண்டே ஏவாளின் பழியைத் துடைத்தது போல, ஆவுடையக்காள் வேதாந்தத்தைக் கொண்டே பெண்ணின் தீட்டைத் துடைத்தார். இருவரும் நூலை எரிக்கவில்லை. நூலின் பொருளை அதனைக் காத்திருந்தவர் முன்னரே திருப்பி வைத்தனர்.

அவர் பாக்கள் எவ்வாறு நமக்குக் கிடைத்தன? நெல்லைச் சீமையின் அக்கிரகாரங்களில் கைம்பெண்கள் அவற்றை வாய்மொழியாகவே தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். பாட்டி பேத்திக்குச் சொன்னாள். அத்தை மருமகளுக்குச் சொன்னாள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இக்காவல் நடந்தது. 20-ஆம் நூற்றாண்டில் ஆய்க்குடி வேங்கடராம சாஸ்திரிகள் என்னும் பெரியார் அம்முதிய பெண்களை நாடிச் சென்று, அவர் பாடக் கேட்டு எழுதித் தொகுத்து அச்சேற்றினார். கடையத்தில் வாழ்ந்த காலத்தில் பாரதியார் இப்பாக்களைக் கேட்டிருத்தல் கூடும் எனவும், அவர்தம் வேதாந்தப் பாடல்களில் இவற்றின் சாயல் உண்டு எனவும் ஆய்வாளர் சிலர் கருதுவர். அக்கருத்து எவ்வாறாயினும், அச்சாஸ்திரிகள் தம் எழுதுகோலோடு புறப்பட்டிராவிட்டால் ஆவுடையக்காள் என்னும் பெயரே இன்று நமக்குத் தெரிந்திராது.

பிற சமயத்துப் பெண்கள்

சைவ வைணவ வேதாந்தத்தோடு இச்செய்தி முடிவதன்று. கீழக்கரையில் தோன்றிய செய்யிது ஆசியா உம்மாள் (1868–1948) இசுலாமிய ஞானநெறி நின்று, நபிகள் நாயகத்தையும் இறைநேசர்களையும் போற்றித் தமிழ்ப் பாக்கள் பல பாடினார். அவர் பாக்கள் ‘மெய்ஞ்ஞான தீப இரத்தினம்’ என்னும் பெயரால் நூலாகியுள்ளன. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் (1917–1998) மூன்றாம் வகுப்பு அளவே பள்ளிக்கல்வி பெற்றவர். அவர் 1938-இல் ‘காதலா கடமையா’ என்னும் புதினத்தை வெளியிட்டபோது, அதனை உ. வே. சாமிநாதையர் பாராட்டினார் என்பது பெருமைக்குரியது.

கிறித்தவ நெறியில் நோக்கினால் வாசிக்கும் பழக்கமே முதன்மையாக வருகிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707-இல் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் 1824-இல் அமெரிக்க மிசன் உடுவில் மகளிர் பாடசாலையை நிறுவியது. மறைநூலை வாசிக்கக் கற்ற பெண் வேறு நூலையும் வாசிப்பாள். வாசிப்பவள் ஒருநாள் எழுதுவாள். அவ்வாறே யாழ்ப்பாணத்து மங்களநாயகம் தம்பையா 1914-இல் ‘நொறுங்குண்ட இருதயம்’ என்னும் புதினத்தை எழுதினார். ஈழத்துப் பெண்ணொருவர் எழுதிய முதல் தமிழ்ப் புதினமாக அது போற்றப்படுகிறது. அதன் பெயரைக் கேட்டவுடன் சங்கீதம் 51 நினைவுக்கு வரும். 1560-இல் இலண்டனில் ஆன் லாக்கைப் பாடவைத்த அதே சங்கீதம், 354 ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் புதினத்துக்குப் பெயராகி நிற்பதை எண்ணிப் பாருங்கள். உடைந்த உள்ளம் இறைவனால் புறக்கணிக்கப்படாது என்னும் ஆறுதல், இரு நாட்டுப் பெண்களுக்கும் எழுதுவதற்கு உரிமையாகவே அமைந்துவிட்டது.

மறுபக்கம்

இத்துணையும் கூறியபின், சமயமே பெண்ணை விடுவித்தது என முடிவு செய்துவிடலாகாது. ஆவுடையக்காள் தீட்டில்லை எனப் பாடிய பின்னரும் கைம்பெண்களின் தலை மழிக்கப்பட்டே வந்தது. அவர் பாட்டு அவர்களுக்கு உள்ளத்தில் விடுதலை தந்தது, இல்லத்தில் தரவில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ என்னும் புதினத்தை எழுதியபோது, கோயிலின் பெயரால் பெண்கள் வாழ்வு சீரழிக்கப்பட்ட வழக்கத்தை நேரே தாக்கினார். அவருக்கு எழுதுகோல் தந்தது பக்தியன்று; பக்தியின் பெயரால் இழைக்கப்பட்ட கொடுமையே ஆகும். இவ்விரு நெறிகளையும் மாணவர் அறிதல் வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது.

கியா பார்மில் கேட்ட பாட்டு

ஈண்டு என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூற வேண்டியுள்ளது. ஆசிரியப் பயிற்சி முடித்து, இளைஞனாக இம்மலைக்கு வந்த காலம். கியா பார்மில் இன்று காய்கறிக் கடைகளும் பழக் கடைகளும் சுற்றுலாப் பேருந்துகளும் நிறைந்துள்ளன. அன்று அங்கிருந்து சற்று நடந்தால் தேயிலை மலைகளும் லயத்து வீடுகளும் தொடங்கிவிடும். ஒரு லயத்தில் முதிய அம்மையார் ஒருவர் இருந்தார். கங்காணி அழைத்துவந்த கூட்டத்தில் சிறுமியாகக் கப்பலேறி வந்தவர்; பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, முதுகில் கூடை சுமந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். எழுத்தறியார். 1923-இன் தொழிலாளர் சட்டம் தோட்டந்தோறும் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்றது. ஆயினும் தம்பி தங்கையரைத் தூக்கிச் சுமந்த பெண்பிள்ளைகள் பலர் பள்ளி வாசலை மிதிக்கவில்லை. அவரும் அத்தகையவரே.

மாரியம்மன் திருவிழாவில் அவர் பாடுவார். வழிவழி வந்த தாலாட்டாகத் தொடங்கும் அப்பாட்டு, சிறிது நேரத்தில் வேறாகிவிடும். அம்மனைத் தம்மைப் போல் மலையேறி வந்தவளாக்கிப் பாடுவார். பனியில் நனைந்த சேலையையும், அட்டை கடித்த காலையும், எடை போடும்போது குறைத்தெழுதிய கொழுந்தையும், ஆயாக் கொட்டகையில் விட்டுவந்த கைக்குழந்தை காய்ச்சலில் இறந்த நாளையும் அம்மன் முன் வைத்து, இத்தனையும் பார்த்துக்கொண்டு நீ எப்படி இருந்தாய் என வழக்காடுவார். கூடியிருந்த பெண்கள் கண்ணீர் மல்கக் கேட்பர். ஆடவர் சற்று விலகி நிற்பர்.

அப்பாட்டை எழுதிக்கொள்ள வேண்டும் என ஒருநாள் அவரிடம் கூறினேன். அவர் சிரித்தார். “எழுதி என்னாங்க ஆகப்போவுது வாத்தியாரே? ஆத்தாளுக்குப் பாடுறேன். அவளுக்குக் கேட்டாப் போதும்” என்றார். “இல்லை பாட்டி, பிள்ளைகளுக்கு வேண்டும்” என்றேன். “அப்படின்னா நோட்டுப் புத்தகம் எடுத்துக்கிட்டு வாங்க, சொல்றேன்” என்றார். நானும் வருவதாக ஒப்புக்கொண்டேன். தேர்வுக் காலம் வந்தது; பள்ளி விழா வந்தது; மழைக்காலம் வந்தது. அடுத்த விடுமுறைக்குப் பார்க்கலாம் என இருந்துவிட்டேன். விடுமுறை முடிந்து திரும்பியபோது அவர் இல்லை. அவர் இறுதிச் சடங்கில் மற்றப் பெண்கள் ஒப்பாரி வைத்தனர். அவர் பாடிய பாட்டை முழுமையாகப் பாட ஒருவரும் அறிந்திலர். பொருள் மட்டுமே என் நினைவில் உள்ளது; சொற்கள் இல்லை. பாட்டு என்பது சொற்களே அன்றோ?

ஆங்கில எழுத்தாளர் வர்ஜினியா உல்ஃப் 1929-இல் வெளியிட்ட நூல் ஒன்றில், ஷேக்ஸ்பியருக்கு அவரை ஒத்த திறமுடைய தங்கை ஒருத்தி இருந்திருந்தால் அவள் கதி என்னவாகியிருக்கும் எனக் கற்பனை செய்கிறார். பெயர் தெரியாத பாடல்களைப் பாடியவர் பலர் பெண்களாகவே இருந்திருப்பர் எனவும் கருதுகிறார். அதே 1929-இல்தான் இம்மலையில் ரசல் என்பார் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அத்தங்கையை இலண்டனில் தேட வேண்டுவதில்லை. அவள் நம் தோட்டங்களில் கூடை சுமந்து நடந்தாள். அவளைக் கண்டும் எழுதாமல் விட்டவருள் நானும் ஒருவன்.

முடிவுரை

15-ஆம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டு லின் நகரத்து மார்ஜரி கெம்ப் என்பார் தம் இறையனுபவங்களைப் பிறர் எழுதத் தாம் சொல்லிவைத்தார். அதன் ஒரே கைப்படி 1934-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. ஐந்நூறு ஆண்டுகள் மறைந்திருந்தும் அது மீண்டது; காரணம், எவரோ ஒருவர் அன்று அமர்ந்து எழுதினார். ஆவுடையக்காள் பாக்கள் இருநூறு ஆண்டுகள் நாவிலேயே நின்றும் மீண்டன. காரணம், காத்த பெண்களும் இருந்தனர், எழுதிய சாஸ்திரிகளும் இருந்தார். நம் மலைத்தோட்டத்துப் பாடல்களுக்கோ இவ்விரு துணையும் அருகி வருகின்றன. பிள்ளைகள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். தேயிலைக் காடுகளில் இன்று கொழுந்து பறிப்போருள் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர். பாடக் கேட்டவரும் முதுமை எய்திவிட்டனர்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களையும் மாணவச் செல்வங்களையும் நான் வேண்டுவது ஒன்றே. உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் முதிய பெண்மணி ஒருவர் தாலாட்டோ ஒப்பாரியோ, மாரியம்மன் பாட்டோ, மாலையோ, கீதமோ அறிந்திருப்பார். அவர் எச்சமயத்தவராயினும் ஆகுக. அவர் முன் அமர்ந்து, அவர் சொல்வதைச் சொல்லியவாறே எழுதிக்கொள்ளுங்கள். சொல்லைத் திருத்த வேண்டா. இலக்கணம் பார்க்க வேண்டா. ஜான் பேலைப் போல் நம் குரலை அதனூடே புகுத்தவும் வேண்டா. பாடியவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் மேலே குறியுங்கள். ஒலிப்பதிவு செய்யும் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ளது. எனக்கு அன்று இருந்த சாக்கு உங்களுக்கு இல்லை.

அம்மனுக்குக் கேட்டாற் போதும் என்றார் அந்த அம்மையார். அவரளவில் அது போதும். எழுத்தறிவித்தல் தொழிலாகக் கொண்ட நமக்கு அது போதாது. அடுத்த விடுமுறைக்கு எனக் காத்திராமல் இன்றே நோட்டுப் புத்தகத்தை எடுத்துச் செல்வோமாக.